"உஸ்" என்றது பைக்

கொட்டகைக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டு, தார்ப்பாயின் நுனியைப் பிடித்து அம்மா ஒரே இழுப்பாக இழுத்தார். குப்பென்று தூசி கிளம்பியது. மாமா தும்மினார். பொடியன் தும்மினான். மாமா மறுபடியும் தும்மினார்.

துருவி மட்டும் தும்மவில்லை. மூச்சு விடவே மறந்து நின்றிருந்தாள்.

தூசி அடங்கியதும் பைக் முதல் முறையாக முழுதாகத் தெரிந்தது. கறுப்பு உடம்பு, வட்ட விளக்கு, நீளமான சீட்டு. டயர் இரண்டும் காற்றில்லாமல் சப்பிப்போய் இருந்தன. ஆனாலும் அது ஓடத் தயாராக இருப்பது போலவே துருவிக்குப் பட்டது.

"அம்மா, இது நிஜமா உன்னோட பைக்கா? நீ ஓட்டினியா? வேகமாவா? விழுந்திருக்கியா? எத்தனை தடவை?"

இப்படி எதையும் துருவித் துருவிக் கேட்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். அவள் தம்பிக்கு ஐந்து வயது. பொடியன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"என்னோடதுதான். நீ பிறக்கப் போறேன்னு தெரிஞ்சதும் தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சேன். அப்புறம் எடுக்கவே நேரம் வரலை" என்றார் அம்மா.

அம்மா கால்நடை மருத்துவர். ஆடு, மாடு, குதிரை, கோழி எல்லாம் அவரிடம் வரும். வரும் திங்கட்கிழமையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைகளையும் அவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் மருத்துவமனையின் ஒரே வேன் படுத்துவிட்டது. பட்டறைக்காரர், "பத்து நாளாவது ஆகும்" என்று கையை விரித்துவிட்டார். மலைப்பக்கம் பேருந்தும் கிடையாது.

"அதனால இவனை எழுப்பறோம்" என்று பைக்கைத் தட்டினார் அம்மா.

மாமா உதட்டைப் பிதுக்கினார். அவர் அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். "அக்கா, சொல்றேனேன்னு கோச்சுக்காதே. இதைப் பழைய இரும்புக்காரர்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா இரு. இது இனிமே எங்கேக்கா ஓடப் போகுது?"

"ஓடும் மாமா!" என்றாள் துருவி, ஏதோ தினமும் ஓட்டிப் பார்த்தவள் மாதிரி.

"என் குதிரையை யாருக்கும் தர மாட்டேன்!" என்று பொடியன் பைக்கின் முன் சக்கரத்தைக் கட்டிக்கொண்டான். தினமும் மத்தியானம் தார்ப்பாய்க்குள் புகுந்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, "டக் டக் டக்" என்று அவன் சவாரி போவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமா நேராகப் போய் கிக்கரில் காலை வைத்தார். "ஒரு உதை விட்டுப் பார்த்துடலாமே!"

"டேய், டேய்! எடு காலை!" அம்மா பதறினார். "இத்தனை வருஷமா அசையாமப் படுத்திருக்கு. உள்ளே எண்ணெய்ப் பசையே இருக்காது. எடுத்ததும் உதைச்சா உள்ளே கீறல் விழும். நோயாளியை முதல்ல பார்க்கணும், கேட்கணும், முகர்ந்து பார்க்கணும். மருந்தெல்லாம் அப்புறம்தான்."

"மாட்டுக்குப் பார்க்கிற மாதிரியேவா?" என்றாள் துருவி.

"அதே மாதிரிதான். மாடும் வாயைத் திறந்து இங்கே வலிக்குதுன்னு சொல்லாது. இதுவும் சொல்லாது."

அம்மா இஞ்சினின் தலையில் செருகியிருந்த பிளக்கைக் கழற்றினார். அந்தத் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டார். எண்ணெய் ஊறட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரும் டயருக்குக் காற்று அடித்தார்கள். பம்பை அழுத்தியது துருவி. "இன்னும்! இன்னும்!" என்று கத்தியது பொடியன். வியர்த்துப் போனது என்னவோ மாமாவுக்குத்தான்.

பிறகு அம்மா கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "க்ர்ர்ர்" என்று முனகிக்கொண்டு கிக்கர் கீழே இறங்கியது.

"சுத்துது! இஞ்சின் இறுகலை!" அம்மாவின் முகத்தில் பல்ப் எரிந்தது. "இனிமே இவனுக்கு மூணு விஷயம் வேணும். நல்ல காத்து, நல்ல நெருப்புப் பொறி, நல்ல பெட்ரோல். மூணும் சரியா உள்ளே போனா எழுந்துடுவான்."

காற்றைத்தான் முதலில் பார்த்தார்கள். சீட்டுக்குக் கீழே இருந்த சிறிய பெட்டியை அம்மா திறந்தார். காற்றை வடிகட்டும் ஃபில்டர் அங்கேதான் இருக்கும். ஆனால் உள்ளே ஃபில்டரே தெரியவில்லை. பஞ்சும் காகிதத் துணுக்கும் கலர் கலரான துணிக் கிழிசலுமாகப் பெட்டி நிறைந்திருந்தது.

"எலிக்கூடு!" என்று துருவி கத்தினாள். "உள்ளே குட்டி இருக்கா பாரும்மா, பார்த்து எடு!"

அம்மா ஒரு குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்தார். கூடு காலியாகத்தான் இருந்தது. எலி எப்போதோ வீடு மாறிவிட்டது. போகும்போது ஒரு சாமானை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. மஞ்சள் நிறத்தில், நீளமாக, பாதி கடித்துக் குதறிய நாடா.

மாமா குனிந்து பார்த்தார். கண்கள் விரிந்தன. "இது என்னோட அளவு நாடாவாச்சே! இதைக் காணோம்னு போன வருஷம் பூரா கடையைத் தலைகீழாப் புரட்டினேன்!"

"எலியும் யாருக்கோ சட்டை தெச்சுருக்கு மாமா" என்றாள் துருவி.

பெட்டியைச் சுத்தம் செய்து, ஃபில்டரைத் தட்டி மாட்டினார்கள். அடுத்தது பொறி. கழற்றிய பிளக்கின் முனை கரி பிடித்துக் கிடந்தது. அம்மா அதை உப்புத்தாளால் தேய்த்து, வயரில் மாட்டி, இஞ்சின் இரும்போடு ஒட்டினாற்போல் வைத்தார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. தம்பி, இப்போ உதை."

மாமா உதைத்தார். பிளக்கின் முனையில் நீலமாக ஒரு பொறி "டிக்" என்று தெறித்தது.

"மின்னல்!" என்று பொடியன் குதித்தான். "குதிரைக்குள்ள மின்னல் இருக்கு!"

கடைசியாகப் பெட்ரோல். டேங்க்கின் மூடியைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்ரோல் வாடையே இல்லை. ஜன்னலுக்கு அடிக்கிற வார்னிஷ் கெட்டுப்போனால் எப்படி நாறும், அப்படி நாறியது. அந்தப் பழைய பெட்ரோலை ஒரு கேனில் வடித்தார்கள். இஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரையும் அம்மா கழற்றிப் பிரித்தார். அதற்குள் இருந்த மிகச் சின்னத் துளையில் பழைய பெட்ரோல் பிசினாக இறுகியிருந்தது. அதைக் கரைத்து, ஊதி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துருவியிடம் காட்டினார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"குட்டியா ஒரு நட்சத்திரம் மாதிரி தெரியுது!"

எல்லாவற்றையும் மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, பைக்கை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஏறி உட்கார்ந்தார். முதல் உதை. பேச்சு மூச்சில்லை. இரண்டாவது உதை. ஒரு இருமல், பின்னால் ஒரு புகைச்சுருள். மூன்றாவது உதை.

"டப்... டப் டப் டப் டப் டப்!"

அடுத்த வீட்டுப் பூனை மதில் மேலிருந்து தாவி ஓடியது. துருவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பொடியனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றோ சுற்றென்று சுற்றினாள். மாமா, "நான் அப்பவே சொன்னேன்ல, இது நல்ல வண்டின்னு!" என்று கூசாமல் சொன்னார்.

அம்மா முற்றத்தை இரண்டு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில், "டப் டப்... டப்... ட..." என்று இழுத்து, பைக் நின்றுவிட்டது.

"பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றாள் துருவி.

அம்மா மூடியைத் திருகியதும் "உஸ்" என்றது; திறந்து பார்த்தார். டேங்க் நிறைய இருந்தது. மூடிவிட்டு உதைத்தார். உடனே கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடியது. மறுபடியும் அதே மாதிரி இழுத்து இழுத்து நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. டேங்க்கைத் திறந்து பார்த்தார். நிறைந்தே இருந்தது. மூடி, உதைத்து, ஓடி, மறுபடியும் நின்றது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. எதிர்முனையில் பேசிய பெண்ணின் பதற்றக் குரல் துருவி நின்ற இடம் வரை கேட்டது.

"டாக்டர், எங்க பசு காலையிலேர்ந்து முக்கிட்டே இருக்கு. கன்னு பாதியில மாட்டிக்கிச்சு. ஒரு கால்தான் வெளியே தெரியுது. சீக்கிரம் வாங்களேன்!"

"பசுவை நிக்க வைங்க. நீங்களா காலைப் பிடிச்சு இழுத்துடாதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்" என்று அம்மா போனை வைத்தார். வைத்த பிறகுதான் பைக்கைப் பார்த்தார். முகம் வாடிப்போனது. "மலைக்கு அந்தப் பக்கப் பண்ணை, திங்கட்கிழமைக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. நடந்து போனா சாயங்காலம் ஆயிடும். அந்தப் பசு அதுவரைக்கும் தாங்காது."

"இதுல போனா பாதி மலையில நின்னுடும்" என்றார் மாமா. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராகச் சட்டென்று திரும்பினார். "அக்கா! பொடியன் தினமும் குதிரைக்குத் தீனி போடறேன்னு பிஸ்கட் எடுத்துட்டுப் போவான்ல? டேங்க்குக்குள்ளதான் போட்டிருப்பான்! அது ஊறிப் போய் வழியை அடைக்குது!"

எல்லோர் பார்வையும் பொடியன் மேல் விழுந்தது.

"நான் போடலை" என்றான் அவன். உதடு துடித்தது.

"பின்னே எங்கேடா போட்டே? உண்மையைச் சொல்லு!"

"முன்னாடிதான் போட்டேன்! விளக்குக்குக் கீழே! குதிரைக்கு வாய் முன்னாடிதானே இருக்கும்!" என்று சொல்லிவிட்டு, பொடியன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"இப்போ அதுக்கெல்லாம் நேரமில்லை. டேங்க்கையே கழட்டிப் பார்த்துடறேன்" என்று அம்மா ஸ்பேனரைத் தேடினார்.

துருவி குனிந்து விளக்குக்குக் கீழே பார்த்தாள். மட்கார்டின் மடிப்பில் பிஸ்கட் தூள். அதைச் சுற்றி எறும்பு வரிசை. தம்பி பொய் சொல்லவில்லை. அவளுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படிக்கட்டில் உட்கார வைத்தாள்.

"அழாதே. நீ டேங்க்ல போடலைன்னு எனக்குத் தெரியும். குதிரைக்கு வாய் முன்னாடிதான். இந்தா, தண்ணி குடி."

பொடியன் தன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து, விசும்பிக்கொண்டே உறிஞ்சினான். விடாமல் உறிஞ்சினான். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போயின. அதற்கு மேல் தண்ணீர் வரவில்லை. அவன் வாயை எடுத்தான்.

"உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. பாட்டில் பழையபடி உப்பியது.

துருவி விருட்டென்று நிமிர்ந்தாள். இந்தச் சத்தத்தை இப்போதுதானே எங்கோ கேட்டாள்? எங்கே?

"பொடியா, இன்னொரு தடவை உறிஞ்சு!"

"எனக்குத் தாகம் போயிடுச்சு."

"எனக்காக ஒரு தடவைடா!"

பொடியன் உறிஞ்சினான். பாட்டில் ஒட்டிப்போனது. தண்ணீர் நின்றது. வாயை எடுத்ததும், "உஸ்ஸ்".

டேங்க்! அம்மா ஒவ்வொரு முறை மூடியைத் திறந்தபோதும் இதே "உஸ்" கேட்டது. அப்படித் திறந்து மூடிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் பைக் கிளம்பியது!

துருவி அம்பாகப் பாய்ந்தாள். "அம்மா! கழட்டாதே, கழட்டாதே! டேங்க்குக்கு மூச்சு முட்டுது!"

அம்மாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. "என்ன சொல்றே?"

"பாட்டில்ல தண்ணி குறையக் குறையக் காத்து உள்ளே வரணும்ல? வரலைன்னா தண்ணியும் வராது. பொடியனோட பாட்டில்ல இப்போ பார்த்தேன். டேங்க்லயும் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும்தானே? அது வர வழி இல்லை. அதான் பெட்ரோல் இறங்க மாட்டேங்குது. நீ திறக்கும்போது காத்து போகுது, உஸ்ஸுன்னு சத்தம் வருது, உடனே வண்டி கிளம்புது!" ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மாமா பேந்தப் பேந்த விழித்தார். அம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"பார்த்துடலாம். மூடியை லேசாத் தளர்த்தி வெச்சு ஓட விடறேன். பெட்ரோல் விஷயம், யாரும் கிட்ட வரக்கூடாது."

மூடியைத் தளர்த்தினார். "உஸ்" என்றது. உதைத்தார். "டப் டப் டப் டப்!" வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பைக் வழக்கமாக நிற்கும் நேரம் வந்தது. துருவி விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

"நிக்கலை" என்றார் மாமா, கடிகாரத்தைப் பார்த்தபடி. "இன்னும் நிக்கலை. அக்கா, இன்னும் நிக்கலை! அட, நிக்கவே இல்லை!"

அம்மா வண்டியை நிறுத்தினார். மூடியைக் கழற்றித் தனியே எடுத்துவந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் நடுவே ஒரு சின்னத் துளை. காற்று போவதற்கென்றே வைத்த துளை. அது களிமண்ணால் கெட்டியாக அடைபட்டிருந்தது.

"குளவி! மண்ணைக் குழைச்சுட்டு வந்து, எந்த ஓட்டையைப் பார்த்தாலும் பூசி வெச்சுட்டுப் போயிடும். மேலே பளபளன்னு துடைச்சோமே தவிர, உள்ளே பார்க்கலை பாரு" என்றார் அம்மா. "இதைக் குத்தி எடுக்க மெல்லிசா ஏதாவது வேணுமே..."

மாமா காலரிலிருந்து ஊசியை உருவி நீட்டினார்.

மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்மா துளையில் வாயை வைத்து ஊதினார். காற்று தடையில்லாமல் போனது. மூடியைத் துடைத்து, இறுக்கித் திருகி, மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். முற்றத்தை இத்தனை சுற்று என்றில்லாமல் சுற்றினார். பிரேக்கை அழுத்தி அழுத்திச் சோதித்தார். பைக் ஒரு முறைகூட இருமவில்லை.

"மருந்துப் பை!" என்றார் அம்மா. துருவி அதற்குள் அதைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவள் கன்னத்தைக் கரிக் கையாலேயே கிள்ளினார். அடுத்த நிமிடம் "டப் டப் டப்" என்ற சத்தம் தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, மலைப்பக்கம் போய் மெலிந்து மறைந்தது.

துருவியின் கன்னத்தில் கறுப்பாக இரண்டு விரல் அடையாளம். அவள் அதைக் கழுவவில்லை.

மாமா படிக்கட்டில் பொடியன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "தெரியாம உன்னைத் திட்டிட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே."

"பரவாயில்ல மாமா. நான் கோச்சுக்கலை" என்றான் பொடியன். கொஞ்சம் யோசித்தான். "ஆனா குதிரை கோச்சுக்கிச்சு."

மாமா எழுந்து போய், அம்மா திரும்பி வருவதற்குள் குதிரைக்கு ஒரு புதுச் சீட்டு உறை தைக்கத் துணி வெட்ட ஆரம்பித்தார்.

வெயில் சாயும் நேரம். துருவியும் பொடியனும் வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பாலத்துப் பக்கம் மெல்லிசாக ஒரு சத்தம் எழுந்தது.

"டப் டப் டப்..."

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

சத்தம் பெரிதானது. தெருமுனை வரை வந்தது. அங்கே வந்ததும் சட்டென்று நின்றுபோனது.

துருவி கேட்டிலிருந்து குதித்து இறங்கினாள். பொடியன் அவள் கையை இறுகப் பிடித்தான். இரண்டு பேரும் கண் கொட்டாமல் தெருமுனையையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வாத்து வந்தது. அதன் பின்னால் இன்னொரு வாத்து, அதன் பின்னால் குஞ்சுகள். அவை ஆடி அசைந்து தெருவைக் கடந்து முடித்ததும், "டப் டப் டப்" என்று பைக் மறுபடியும் கிளம்பியது.

"நான்தான் நிறுத்தினேன்!" அம்மா வாசலில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடியெல்லாம் கலைந்து, உடுப்பு முழுக்க வைக்கோல். ஆனால் முகம் கொள்ளாத சிரிப்பு. "மலையில ஏத்தம், இறக்கம், எங்கேயும் அசரலை!"

"பசு? கன்னுக்குட்டி? ரெண்டும் நல்லா இருக்கா?" துருவி கேள்விகளை அடுக்கினாள்.

"ரெண்டும் நல்லா இருக்கு. கன்னோட இன்னொரு கால் உள்ளே மடங்கியிருந்துச்சு. நிமிர்த்தி வெளியே எடுத்தேன். செவலைக் கன்னு, நெத்தியில வெள்ளைப் பொட்டு. இன்னும் கொஞ்சம் தாமதமாப் போயிருந்தா கஷ்டம்தான்." அம்மா துருவியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். "நாளைக்கு உனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கறோம். என்கூட வந்து கன்னை நீயே பாரு."

மாமாவும் துணியும் கையுமாக வெளியே வந்து நின்றார். "கன்னு எழுந்து நின்னுதா?"

"எங்கே! நாலு காலையும் ஊனி எழுந்திருக்கும், உடனே தொப்புன்னு விழும். மறுபடியும் எழும், கொஞ்ச நேரம் நிக்கும், ஆடி ஆடி மறுபடியும் விழும்."

பொடியன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

"அம்மா, நீ மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தியா?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்பு முந்திக்கொண்டது.